யாருய்யா பெரியவர்?

இல்ல சார், நீங்களே சொல்லுங்க. என்னைப் பாத்தா அப்படியா இருக்கு? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாதீங்க, நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. அதோ பின்படிக்கட்டுக்கிட்ட கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, கட்டம் போட்ட சட்டை, அவன்தான். நான் பாட்டுக்கு ஏறி, நான் பாட்டுக்கு நின்னுக்கிட்டிருக்கேன். பொசுக்குன்னு எந்திரிச்சு, பெரியவரே, இப்படி வந்து உக்காருங்கங்கறான். பெரியவராம்! அவன் குனிஞ்சப்பவே பாத்துட்டேன், நடுமண்டையில பேருக்குக்கூட ஒரு முடி இல்ல, தட்டைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு. இவன் எனக்குப் பட்டம் குடுக்கறான்.

வேணாம்னு சொல்லாம இருப்பேனா? சொன்னேன். பரவால்ல பெரியவரே, கால் வலிக்கும்ங்கறான். என் காலு சார். அது வலிச்சா எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள அந்தக் கண்டக்டர் வந்து, அட உக்காருங்க ஐயான்னு தோளை அமுக்கி உக்கார வச்சுட்டான். முன்சீட்டு அம்மா வேற உச்சுக் கொட்டுது. மொத்த பஸ்ஸும் சேந்து என்னைக் கெழவனாக்கிட்டாங்க. அதுவும் எங்கக்காவைப் பாக்கப் போறப்ப, இன்னிக்குன்னு பாத்து இந்த வார்த்தை என் காதுல விழணுமா?

சிரிக்காதீங்க. உங்களுக்கும் ஒருநாள் வரும்.

நானா? மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். எனக்குத் தெரியாத வயசா? நாப்பதைத் தொட்டு முதல் தடவை என் கடைப்படி ஏறுறாங்க பாருங்க, ஒருத்தர்கூட என் கண்ணு சரியில்லன்னு சொன்னதில்ல. இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தையே சின்னதாப் போடுறானுங்கன்னு பேப்பர்காரனைத் திட்டிக்கிட்டேதான் உக்காருவாங்க. நானும் ஆமா சார், அநியாயம் சார்னு சொல்லிக்கிட்டே பவரை ஏத்துவேன். அதனால வயசை மறைக்கறேன்னு நினைக்காதீங்க. அறுபதை நெருங்கியாச்சு, ஒத்துக்கறேன். எனக்குக் கோவம் வயசு மேல இல்ல. இந்த மரியாதை மேல.

ஆமா, மரியாதைதான். அது இல்லாம வளந்த உடம்பு இது. எங்கக்கா அப்படி வளத்துட்டா. எனக்குக் கண்ணு கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கா, அதனால அவளுக்கு நான் முட்டக்கண்ணன். டேய் முட்டக்கண்ணான்னா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். முதல் முதலாச் சவரம் பண்ணிக்கிட்டு, என்னமோ பெரிய ஆம்பளையாயிட்ட மாதிரி அவ முன்னாடி போய் நிக்கிறேன். தாடையைப் புடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாத்துட்டு, எந்த முடியைடா எடுத்தேங்கறா. வேலைக்குச் சேந்த அன்னிக்கு ஒருத்தர் என்னை சார்னு கூப்பிட்டுட்டார். தலைகால் புரியல எனக்கு. ஓடிவந்து இவகிட்ட சொன்னா, பின்னாடி யாராவது நின்னிருப்பாங்க, திரும்பிப் பாத்தியாடாங்கறா.

கல்யாணம் ஆன புதுசுல என் வீட்டுக்காரி ஏங்கன்னு கூப்பிட்டா. எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுனு இருக்கு. எங்கக்கா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட வர்றா. யாரும்மா அந்த ஏங்க, இவனா? இவனுக்கெல்லாம் ங்க போட்டுப் பழக்காத, அப்புறம் இறக்கி வைக்க முடியாதுங்கறா. புதுப்பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்கே! அதுக்கப்புறம் என்னை என்னிக்காவது பயந்து பாத்திருப்பாளா? கடை திறந்த அன்னிக்கும் அக்கா விடல. முட்டக்கண்ணனே கண்ணு பாக்கறான், எல்லாரும் தைரியமா வாங்கன்னு கூட்டத்துல கத்தறா.

ஏன் வராது, கோவம் பத்திக்கிட்டு வரும். ஒரு தடவை கத்தியே விட்டேன். என் பசங்க வளந்துட்டாங்க, அவங்க முன்னாடியாவது மரியாதையாக் கூப்பிடுன்னு. சரிங்க சார்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னா. என் பசங்க விழுந்து விழுந்து சிரிக்கறானுங்க. அடுத்த வாய்லயே, டேய், சாப்டியாடாங்கறா.

போன வாரம் அவ வீட்டுக்குப் போயிருந்தேன். அவதான் கதவைத் திறந்தா. என்னைப் பாத்துட்டு, வாங்க, உள்ள வந்து உக்காருங்கன்னா. சரி, இன்னிக்குப் புதுசா ஒரு நக்கல் கண்டுபுடிச்சிருக்கான்னு நானும் சிரிச்சுக்கிட்டே உக்காந்தேன். முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு எதிர்ல நின்னா சார். எங்கக்கா, என் முன்னாடி. தண்ணி குடிக்கறீங்களா, அவர் குளிக்கறார், இப்ப வந்துருவார்ங்கறா. ஏய், என்ன விளையாடறியான்னேன். அவ பயந்துட்டா. ரெண்டு அடி பின்னாடி போயிட்டா.

அத்தான் ஈரத்தலையோட ஓடிவந்து என்னை வாசலுக்குக் கூட்டிட்டுப் போறார். டாக்டரைப் பாத்தாராம், தலையை ஸ்கேன் எடுத்தாங்களாம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகுமாம், ஒருத்தர் ஒருத்தராத்தான் மறக்குமாம். என்னென்னமோ சொல்றார். எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! நான் யாரு, என் தொழில் என்ன? அவ போட்டிருக்கற கண்ணாடியை நான் பாத்தேன் சார். பழைய பவர். ஒரு பக்கம் கீறல் வேற. மூணடி தள்ளி நிக்கிற ஆளு மங்கலாத் தெரிஞ்சா யாரா இருந்தாலும் வாங்கன்னுதான கூப்பிடுவாங்க? இதுக்குப் போய் தலையை ஸ்கேன் எடுப்பாங்களா? மூளைங்கறார், நரம்புங்கறார். வாயை மூடுங்க அத்தான்னு நடு வாசல்ல நின்னு கத்திட்டு வந்துட்டேன்.

என் கையில இருக்கற இந்தப் பையா? அதேதான், அவளுக்குப் புதுக்கண்ணாடி. நானே உக்காந்து லென்ஸ் தேச்சேன், கடைப் பையன் கையில குடுக்கல. பவரா? அவ வந்து சோதிச்சுக்கல, அதனால ஒரு கணக்குல போட்டிருக்கேன். கூட்டி ஒண்ணு, குறைச்சு ஒண்ணு, ரெண்டு இருக்கு. ரெண்டுல ஒண்ணு சரியா வந்துரும்.

இப்படிப் பாக்காதீங்க சார். அத்தானும் இப்படித்தான் பாத்தார்.

என் ஸ்டாப் வந்துருச்சு. கொஞ்சம் வழி விடுங்க. கையெல்லாம் புடிக்க வேணாம், நானே இறங்கிக்குவேன். அவளுக்கு வேற ஒண்ணும் இல்ல சார். கண்ணுதான்.