சார் வாங்கிய மார்க்

— இந்தக் கோட்டைப் பாருங்க சார். காய்ச்சல் விட்டு நீங்க முதல்ல வந்தப்போ தரையில கெடந்துச்சு. இப்போ ஸ்கிரீனை விட்டே வெளிய போகுது. இங்க நான் ஞாபகப் பயிற்சி கொடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து, வீட்ல விளையாடற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுல உங்க வயசுல இவ்வளவு மார்க் யாரும் வாங்கினதில்ல.

— காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த மூளைம்மா. வைரஸ் வந்தா கொஞ்சம் கண்ணசரும், அவ்வளவுதான். புரியுதா?

— சூப்பர் சார். அம்மா, நீங்க கொடுத்து வச்சவங்க.

— ஆமாம்மா. நேத்து காபியில சோப்புத் தூளைப் போட வந்தார்.

— அது கவனக்குறைவு. மறதி இல்ல. ரெண்டும் வேற வேற, புரியுதா?

— விடுங்கம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. டாக்டர்கிட்ட பேசிட்டேன். சார் மறுபடி கார் ஓட்டலாம்னு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவார்.

— காரா?

— ஏன் உன் முகம் அப்படிப் போகுது? நான் ஓட்டாத காரா?

— போன வாரம் நம்ம வீட்டையே தாண்டிப் போயிட்டீங்களேங்க. அதுவும் நடந்து.

— காத்து வாங்கப் போனேன்.

— இன்னொண்ணு சார். நீங்க விளையாடறதை ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கறேன். மத்தவங்களுக்குத் தெம்பா இருக்கும். பறவை எந்தக் கிளையில உக்காந்துச்சுன்னு தொட்டுக் காட்டுங்க, போதும்.

— எடும்மா, எடு... என்ன இது? வீட்ல இருக்கற மாதிரி இல்லியே.

— அதேதான் சார்.

— பறவை எங்க?

— வந்துட்டுப் போயிடுச்சு சார். இதோ, இன்னொண்ணு.

— வெளிச்சம் கண்ணுல அடிக்குது. நாற்காலி வேற ஆடுது.

— பதறாதீங்க சார். வீட்ல எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க.

— வீட்ல கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுட்டுக் குறட்டை விடுவார்.

— நீ சும்மா இரு.

— இத்தனை நாளா சும்மாதாங்க இருந்தேன். கார்னா இனிமே சும்மா இருக்க முடியாது. மத்தியானம் இவர் அசந்ததும் நான்தான்மா உக்காந்து விளையாடுவேன். அந்த மார்க்கெல்லாம் என்னோடது.

— என்ன உளர்ற?

— சாயங்காலம் எழுந்து மார்க்கைப் பாத்துட்டு, ‘பாத்தியா என் மூளையை’ன்னு சிரிப்பீங்க. காய்ச்சலுக்கப்புறம் நீங்க சிரிக்கறதே அதுக்குத்தான். எப்படிங்க சொல்லுவேன்?

— நான் விளையாடினேன்னே நெனச்சுட்டு இருந்தேனே.

— அப்போ இது உங்க மூளையாம்மா? பிரமாதம். உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. வீடியோவை உங்களை வச்சே எடுத்துடலாம்.

— பறவை எந்தக் கிளைன்னு டக்குனு சொல்லிடுவேன்மா. அடுப்பை அணைச்சேனான்னு கேளு, தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி பேரு வாய் வரைக்கும் வந்து நின்னுடுது. எனக்கும் அதே காய்ச்சல்தானே வந்துச்சு.

— உனக்குமா? எப்போ?

— உங்க கூடவேதாங்க. உங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டு நானும் பக்கத்துல படுத்துப்பேன்.

— ஐயோ... போன தடவை வந்தப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.

— சொல்லணும்னுதாம்மா வந்தேன். வந்து உக்காந்ததும், என்ன சொல்ல வந்தேன்னு மறந்துபோச்சு.