கொட்டகையில நின்ன காருக்குப் புகை வரி

...அதான் கேக்கறேன், நின்ன எடத்துல நின்ன கார் எங்கேர்ந்தும்மா புகை விட்டுச்சு? ரெண்டு மாசமா சாவியே போடலை. எல்லைக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டுல, எனிஸ்கில்லன்ங்கற ஊர்ல என் தங்கச்சி டிம்னா வீட்டுக் கொட்டகையில, கோழி ஏறித் தூங்கிட்டிருந்த கார் அது. அது டிசம்பர்ல இங்க வந்திருந்தா ஒரு வரியாம், ஜனவரியில வந்ததால வேற வரியாம். அதே கார், அதே எஞ்சின், மேல அதே கோழிப் பீ. வருஷம் பொறந்ததும் புகை மட்டும் கூடிடுச்சாம்.

உக்காரும்மா, உன் காரை இப்பத்தானே உள்ள கொண்டு போனான், சோதிச்சு முடிக்க நேரமாகும். நீயும் பழைய கார்தானே இறக்கியிருக்கே? ஜப்பானா... ஓ, பெட்ரோலும் பேட்டரியும் சேந்ததா. சத்தமே வராதே அது. எங்க ஊர்ல ஒண்ணு அப்படித்தான் பூனை மாதிரி பின்னாடி வந்து நின்னு, ஃபாதருக்கு உயிரே போயிருக்கும். உனக்கு வரி கம்மியாத்தான் வரும், கவலைப்படாதே. கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் விடுதுன்னு பாத்துதானே போடறான். கறிக்கடையில கறி நிறுக்கற மாதிரி புகையை நிறுக்கறாங்கம்மா.

எங்களது பெரிய டீசல். நாங்க என்ன ஆசைப்பட்டா டீசலுக்குப் போனோம்? இவங்கதானே சொன்னாங்க. டீசல்ல கார்பன் கம்மி, டீசல் வாங்குங்க, வரியும் கம்மி, பூமியும் பொழைச்சுக்கும்னு. ஊரே டீசல் வாங்குச்சு. இப்ப என்னடான்னா அந்தப் புகையில வேற ஏதோ நைட்ரஜன் இருக்காம், நெஞ்சுக்கு ஆகாதாம், அதுக்குத் தனியா ஒரு வரி. புள்ளையையும் கிள்ளி விட்டுத் தொட்டிலையும் ஆட்டறதுன்னா இதான். மாட்டு ஏப்பத்தைக்கூட கணக்குல எடுத்தாச்சு, தெரியும்ல? எங்க வீட்டுல பதினோரு மாடு. ஏதாவது ஒண்ணு ஏப்பம் விட்டாலே அதுக்கும் பில்லு வருதான்னு வாசலைப் பாக்கறேன்.

அதுவும் நான் குடுத்த விலைக்கா வரி? இல்லையாம்மா. இந்தக் கார் இங்க வித்தா என்ன போகும்னு அவங்க ஒரு விலை வச்சிருக்காங்களாம், அதுக்குத்தான் வரி. நான் அந்த வியாபாரிகிட்ட ரெண்டு மணி நேரம் பேரம் பேசினேன். கடைசியில அவன் கண்ணே கலங்கிடுச்சு. பேரத்துக்குப் பேர்போன கேவன் ஊர்க்காரி நான், நான் பேசின பேரத்துக்கு இந்த நாட்டுல மரியாதையே இல்லை.

அதோ பாரு, கண்ணாடிக்கு வெளிய, மழையில தொப்பியோட போன்ல பேசிட்டு நிக்கறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர், மலக்கி. நாயை விக்கப் பேசறார். பந்தய நாய். பேரு ராக்கெட். பேருதான் ராக்கெட், ஆறு நாய் ஓடினா இது ஆறாவது. ஒரே ஒரு தடவை அஞ்சாவது வந்துச்சு, அன்னிக்கு ஒரு நாய் பாதியில காலைத் தூக்கிட்டு உக்காந்துடுச்சு. அதை எவன் வாங்குவான்னு நானும் நினைச்சேன். அதோட அப்பன் பெரிய ஓட்டக்காரனாம், வம்சத்துக்காக மல்லிங்கர் ஊர்க்காரன் ஒருத்தன் கேக்கறான். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறானாம்.

வரி கட்டத்தாம்மா விக்கறார், வேற எதுக்கு? கவுண்டர்ல தொகையைச் சொன்னதும் மனுஷன் மூஞ்சி செத்துப் போச்சு. "என் தப்புதான் அசம்ப்டா, நாயை ஏத்திட்டுப் போகப் பெரிய வண்டி வேணும்னு நான்தானே கேட்டேன்"ன்னார். நானும், "ஆமா, உங்க தப்புதான்"னேன். பெரிய வண்டி கேட்டது உண்மைதானே? அந்த நாய்க்கு அடுப்புப் பக்கத்துலதான் எடம். ராத்திரி எழுந்து அதுக்குப் போர்த்தி விடுவார். இருபத்தொம்பது வருஷத்துல எனக்கு ஒரு தடவை போர்த்தியிருப்பாரா.

நான் எங்கேர்ந்து குடுக்கறது? என்கிட்ட இருந்ததை லான்சரோட்டே தீவுக்கு டூர் போகக் கட்டிட்டேன். மார்ச்சுல நானும் டிம்னாவும், ஒரு வாரம், முழுக்க வெயில். அதைத் தொடக் கூடாதும்மா, அது உடம்புக்காகப் போறது. டாக்டர் சொன்னது... சரி, டாக்டர் சொல்லலை, டிம்னா சொன்னா.

என்ன கேட்டே? டிசம்பர்லயே ஏன் கொண்டு வரலைன்னா?

நீ போலந்துப் பொண்ணு, இங்க வந்து ரொம்ப நாள் ஆகலை போல. இந்த நாட்டுல நம்பர் பிளேட்டுல மொத ரெண்டு எண்ணு, கார் பொறந்த வருஷம். பொம்பளை வயசை மறைக்கலாம், கார் வயசை மறைக்க முடியாது. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா ஒருத்தரும் பீடத்தைப் பாக்கறதில்லை, வாசல்ல நிக்கற நம்பரைத்தான் பாக்கறாங்க. பக்கத்து வீட்டு நோரீன், புது நம்பரோட கார் வந்ததுலேர்ந்து வீட்டுக்கு எதிர்ல இருக்கற கடைக்குக்கூட கார்லதான் போறா. டிசம்பர்ல நம்பர் வாங்கினா கிறிஸ்மஸ் கேக்கு தீர்றதுக்குள்ள ஒரு வயசு கூடிடும். புத்தியுள்ளவ எவளாவது டிசம்பர்ல வாங்குவாளா? ஜனவரி வரைக்கும் பொறுத்தா புது வருஷ நம்பர் கிடைக்கும்னு நினைச்சேன்.

இவர் போன் பேச வெளிய போனப்புறம் கவுண்டர்ல கேட்டேன், அந்தப் பையன் சிரிக்கறாம்மா. "இது ரெண்டாயிரத்துப் பதினெட்டுல அந்தப் பக்கம் ரோட்டுக்கு வந்த கார். நீங்க என்னிக்குக் கொண்டு வந்தாலும் நம்பர் பதினெட்டுதான்"ங்கறான். சொல்ல வேண்டாமா முன்னாடியே? நான் கேக்கலைதான். கேக்கலைன்னா சொல்லக் கூடாதா?

இவருக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், அக்டோபர்லயே ரேடியோவுல கேட்டுட்டு ஓடி வந்தார். புகை அதிகமா விடற காருக்கு ஜனவரியிலேர்ந்து வரி ஏறுது, கிறிஸ்மஸுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னார். இங்க தேதி வாங்கறது என் பொறுப்பு. கூப்பிட்டேன். டிசம்பர் நடுவுல ஒரு நாள் காலியா இருக்கு, வாங்கன்னாங்க. நல்ல பொண்ணு, ரொம்ப மரியாதையாப் பேசினா.

வேண்டாம்னுட்டேன்.

அப்படிப் பாக்காதேம்மா. அவர்கிட்ட, "எங்கயும் எடமே இல்லைங்க, ஜனவரிதான்"னு சொன்னேன். அவரும் "சரி, என்ன பண்றது"ன்னுட்டு நாயைப் போய்த் தடவிக் குடுத்தார். அவருக்குத் தெரிஞ்சு இப்ப என்ன ஆகப் போகுது? நாய் போனாப் போகுது. கொஞ்ச நாள் சோறு எறங்காது. அப்புறம்... அப்புறமும் எறங்காதுதான்.

ஏன் எழுந்துட்டே? உன் பேரையா கூப்பிட்டான்? என் காதுல விழலையே. என் பின்னாடி யாரைப் பாத்து...

ஏங்க. எப்ப வந்தீங்க?

டீ வாங்கிட்டு வந்தீங்களா. ஒரு கப்புதான் இருக்கு... அது உங்களுக்கா. சரி, குடிங்க, நனைஞ்சிருக்கீங்க. எதுலேர்ந்து கேட்டுட்டு நிக்கறீங்க? நான் சும்மா இந்தப் பொண்ணோட... ஏம்மா, நீ சொல்லேன். போயிட்டாளா.

மல்லிங்கர்காரனுக்கா போன்? நாய் விக்கறதுக்கு இல்லைன்னுட்டீங்களா? நல்லதுங்க. நானே சொல்லணும்னுதான் இருந்தேன், ராக்கெட் நம்ம புள்ளை மாதிரி. திட்டவாவது செய்யுங்க.

மறுபடி யாருக்குப் போடறீங்க?

நோரீனுக்கா? அவளுக்கெதுக்குங்க இப்ப... ஏங்க, மார்ச்சுல ஒரு வாரம் வெயிலுக்குப் போற என் டிக்கெட்டை அவ வாங்கிக்கறாளான்னு எதுக்குக் கேக்கறீங்க?