ஆறாம் நம்பர் மலையின் ஊதாப் புள்ளி

மதியச் சோற்றுக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் எழுதிக்கொள்வது நல்லது.

லிந்துலைக்கு மேலே இருக்கும் தேயிலை ஆய்வுகூடத்தில் நான் பதினோரு வருடமாக உதவியாளன். றோலண்ட் ஐயா 1977இல் இரசாயனவியலாளராக வந்தார். ஈரக் காகிதத்தில் தேயிலைச் சாற்றைப் பொட்டாக வைத்து, இரு முனையிலும் மின்சாரம் கொடுப்பார். சாற்றிலுள்ள அமினோ அமிலங்கள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நகரும். மருந்து தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். எங்கும் இல்லாத ஒரு புள்ளியைத் தேடி, தோட்டத்தில் மலைக்கு மலை நம்பர் போட்டுக் கொழுந்தெடுத்துப் பார்த்தார்; இரண்டு வருடம் எல்லா மலைக்கும் ஒரே புள்ளிகள்தான். ஐயா மெலிந்துபோனார்.

ஒருநாள் சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் ஆறாம் நம்பர் மலைக் கொழுந்தை இடித்துச் சாறு எடுத்தேன். எதிர்முனைப் பக்கம் புதிதாக ஒரு புள்ளி விழுந்தது.

“செல்லசாமி, இதப் பாருங்க. எந்தத் தேயிலையிலயும் இது இல்ல. உக்காருங்க, உக்காருங்க” என்றார் ஐயா. அந்த அறையில் அதுவரை யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை.

மறுநாள் சோப்புப் போட்டுக் கழுவினேன். புள்ளி வரவில்லை. ஐயா என்னை நிற்கவைத்தே பேசினார்.

மூன்றாம் நாள் மாசி ஊறிய தண்ணீரில் ஒரு துளியை எடுத்துச் சாற்றில் விட்டேன்; புள்ளி திரும்பி வந்தது. அன்றிலிருந்து சோதனைக்கு ஒரே துளிதான். கூடினால் வாசம் காட்டிக்கொடுத்துவிடும்.

கொழும்பிலிருந்து தேநீர் ருசி பார்ப்பவர் வந்தார். ஆறாம் மலைத் தேநீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “வித்தியாசம் தெரியுது” என்றார். அவருடைய கோப்பையில் நான் எதையும் கலக்கவில்லை.

பிறகு பக்கத்து நான்கு மலைகளிலும் செடிகளைப் பிடுங்கி, ஆறாம் மலைக் கன்றுகளை நட்டார்கள். முப்பது வருடமாக அங்கே கொழுந்தெடுத்த பேச்சியம்மா என்னை மறித்தார்.

“நல்லாக் கொழுந்து குடுக்குற செடிய ஏன் தம்பி புடுங்குறீங்க?”

“ஆராய்ச்சியில அப்பிடி வந்திருக்குக்கா.”

கன்றுகள் வளரும்வரை அறுபது குடும்பங்களுக்கு வாரம் மூன்று நாள் வேலை. பேச்சியம்மா வீட்டார் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எப்படியும் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சோதித்துப் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பிய இலையில் அந்தப் புள்ளி இல்லை என்று கடிதம் வந்தது. ஐயா வேலையை விட்டுவிட்டார். கடைசிவரை என்னைச் சந்தேகப்படவில்லை.

ஆம், நூற்றுப் பதினேழு துளிகளும் நான் விட்டவைதான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மலையைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறாம் மலைத் தூளில்தான் தேநீர். அந்தப் புது அமிலம் மூளைக்கு அவ்வளவு நல்லது.