மோசஸ் திருப்பி வைத்த குமிழ்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் பாக்கியராஜ் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கும் ஃபோர்ஜிங் பிரிவுத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி சுகிர்தா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் ஆதிகேசவன். காக்களூர் தொழிற்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுகிறவன். இதுவரை மைக் சரிசெய்யத்தான் மேடை ஏறியிருக்கிறேன், பேச ஏறியதில்லை. என் நண்பர், காய்ச்சிய இரும்பை இடிபோல அடிக்கும் ஹாமர் மெஷினின் ஆபரேட்டர் மோசஸ் அவர்களுக்காக இன்று ஏறியிருக்கிறேன். சென்ற மாதம் மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

மேடையில் இந்த மேசைமேல் இருப்பது அவருடைய பாட்டு செட். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி ஸ்பீக்கர். அவர் மனைவி சுகிர்தா இனி மீஞ்சூரில் மகள் வீட்டில் இருக்கப் போகிறார். அங்கே இதற்கு இடமில்லை. சென்னையிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டுவிட்டார். செட் போனால், கவரைப்பேட்டையில் மோசஸ் வீட்டில் ஞாயிறுதோறும் நடந்த பாட்டுக் கூட்டமும் போகும். அது போகலாமா? அதைப் பேசத்தான் வந்தேன்.

மோசஸ் அவர்கள் இளவயதிலேயே செட் வைத்திருந்தவர். நடுவில் அதை விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு "டைம் இல்ல கேசவா" என்றார். நம்பினேன். மகள் கல்யாணம் முடிந்த பிறகு, கும்மிடிப்பூண்டியில் ஒரு காயலாங்கடையில், துருப்பிடித்த ஃபேன்களுக்கு அடியில் இந்த ஆம்ப்ளிஃபயர் அவர் கண்ணில் பட்டது. தூக்கிக்கொண்டு வந்து என்னைக் கூப்பிட்டார். திறந்தால் உள்ளே பல்லி முட்டை.

டிவி மெக்கானிக் ரகு, அதோ நிற்கிறார், அன்று கூட இருந்தார். புதுசாக ஒன்று வாங்கக்கூடாதா என்று கேட்டார். மோசஸ் சொன்னார்: "புதுசுன்னா ஊட்ட விக்கணும். பழசுன்னா கேசவன் இருந்தா போதும்." என்னைக் கேட்காமலே என்னை உதிரிப்பாகத்தில் சேர்த்துவிட்டார்.

சரிசெய்து பாட்டுப் போட்டேன். மோசஸ் முதல் வேலையாக பேலன்ஸ் குமிழை இடது பக்கம் திருப்பினார். இரண்டு ஸ்பீக்கரில் எது எவ்வளவு பாட வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது அந்தக் குமிழ். நடுவில் வைப்பதுதான் முறை. நான் நடுவில் வைத்தேன். அவர் மறுபடி திருப்பி வைத்தார்.

இது பல ஞாயிறு நடந்தது. சர்ச் முடிந்து மதியம் கூடுவோம். நாங்கள் நடுவில் வைப்போம், அவர் திருப்பி வைப்பார். சரி, இடது பக்கம்தான் வீக் என்று முடிவு கட்டி ஆம்ப்ளிஃபயரைப் பிரித்தோம். பிறகு ஸ்பீக்கரை இடம் மாற்றினோம். கடைசியில் சுவர்தான் சத்தத்தைக் குடிக்கிறது என்று பீரோவை நகர்த்தினோம். மோசஸ் அவர்களும் எங்களோடு சேர்ந்து பீரோவுக்குத் தோள் கொடுத்தார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. யார் புதிதாக வந்தாலும் நடு நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு கூத்துப் பாட்டு ரெக்கார்டு போடுவார். "சலங்கை கேக்குதா?" என்பார். ஹாமரில் நிற்கிறவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து கேட்பார். ஸ்பீக்கர் பெருமை பேசுகிறார் என்று நினைத்தோம். "இன்னா மோசஸு, ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் காட்டிக்கினே இருக்கறியே" என்று ரகு கிண்டல் செய்வார்.

ஒரு ஞாயிறு பென்னி வந்தார். ஹாமரில் வேலை, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறார். சலங்கை கேட்கிறதா என்றதும் "எந்த சலங்கைண்ணா?" என்றார். நாங்கள் சிரித்தோம். மோசஸ் சிரிக்கவில்லை. பிளேயர் முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தார். "இப்ப?"

"பாட்டு கேக்குது. மோளம் கேக்குது. சலங்கை இல்லண்ணா."

மறுநாளே லீவு போட்டு, பென்னியைத் திருவள்ளூரில் காது டாக்டரிடம் அழைத்துப் போனார் மோசஸ் அவர்கள். சலங்கை மாதிரி மெல்லிய சத்தம்தான் முதலில் போகுமாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அதன் பிறகு மோசஸ் ஃபோர்மேனை விடவில்லை. பென்னி சத்தமில்லாத டிஸ்பேட்ச் பிரிவுக்கு மாறினார். ஹாமரில் நிற்கும் எல்லோருக்கும் காதடைப்பான் வந்தது. அதைக் காதில் வைக்காமல் கழுத்தில் தொங்கவிட்டவர்களை மோசஸ் என்ன கேட்டார் என்று இங்கே பலருக்கும் நினைவிருக்கும். "மாலையாடா அது?"

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் யோசிக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனோம். ரகு செட்டைத் துடைத்தார். குமிழ் இடது பக்கமே இருந்தது. "கடைசி வரைக்கும் லெஃப்ட் வீக்காவே பூட்ச்சே" என்றார்.

சுகிர்தா சொன்னார்: "செட்டு நல்லாத்தான் கீதுண்ணா. அவருக்குத்தான் லெஃப்ட் காது மந்தம். ஹாமர்ல பூட்ச்சி. அதனாலதான் மொத செட்ட வித்தாரு. நீங்க இத ரெடி பண்ணிக் குடுத்த அன்னிக்கு, நீங்க போனப்புறம், ரெண்டு பக்கமும் கேக்குது சுகிர்தான்னு உக்காந்து அழுதாரு."

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "காது கேக்காதவன் சவுண்டப் பத்திப் பேசறான்னு சொல்லுவாங்கன்னு பயந்துக்கினு இருந்தாருண்ணா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன மனுஷன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? எங்கள் கூட்டத்தில் அத்தனை பேருக்கும் இரண்டு காதும் நன்றாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரைச் சோதித்தோம், ஸ்பீக்கரைச் சோதித்தோம், சுவரையும் சோதித்தோம். அடுத்தவன் காது போகிறது என்று கண்டுபிடித்தவர் யார்? மோசஸ். அந்தச் சலங்கை அவருக்கே சரியாகக் கேட்டதோ இல்லையோ, எங்களில் யார் அவர் அளவுக்குக் கேட்டோம்? இதைச் சபையில் சொல்லலாமா என்று சகோதரியைக் கேட்டேன். "சொல்லுங்கண்ணா. நாலு பேரு காது பொழைக்கட்டும்" என்றார்.

நண்பர்களே, சென்னைக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டார் சுகிர்தா. செட் இனி இந்தச் சங்கக் கட்டடத்தில் இருக்கும். ஞாயிறு மதியம் கதவு திறந்திருக்கும். ரிப்பேர் என் பொறுப்பு, ரகு பொறுப்பு. நாங்கள் இருக்கும் வரை இந்தச் செட் பாடும். நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வேலையைப் பென்னி ஏற்றுக்கொண்டிருக்கிறார். கேட்கவில்லை என்று சொல்ல யாரும் அவரிடம் கூச்சப்படத் தேவையில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. மோசஸ் நினைவாக அந்தக் குமிழை இடது பக்கமே வைத்து ஒட்டிவிடலாம் என்றார் ரகு. நானும் தலையாட்டினேன். சுகிர்தா ஒப்புக்கொள்ளவில்லை. "அது அவரு காதுக்கு வெச்சதுண்ணா. வர்ற பசங்களுக்கு ரெண்டு காதும் நல்லாக் கீது. நடுவுல வைங்க" என்றார்.

மௌன அஞ்சலி செலுத்திவிட்டோம். இனி கேட்போம். சகோதரி, மேடைக்கு வாருங்கள். குமிழ் அவர் கடைசியாக வைத்த இடத்திலேயே இருக்கிறது, எங்கள் கை படவில்லை. நீங்களே நடுவில் வையுங்கள். ஃபோர்ஜிங் தோழர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். பென்னி, ரெக்கார்டைப் போட்டுவிட்டு, மோசஸ் கேட்ட கேள்வியை நீ கேள்.