மேப்பில் இல்லாத கப்பல்

சாரதா: போனைக் கீழ வச்சுட்டு கையை நீட்டு கண்ணு. வளைகாப்புக்கு ஆன்ட்டிங்கல்லாம் ஃப்ரீவேயை விட்டு இறங்கிட்டாங்களாம்.

மானஸா: ஒரு நிமிஷம் அக்கா... மேப்ல இவரோட கப்பல் இன்னும் காணோம்.

சாரதா: ஏடன் வளைகுடா பக்கம் போனா சிக்னலை ஆஃப் பண்ணிருவாங்கன்னு அகிலனே சொன்னானே. கொள்ளைக்காரங்க கண்ணுல படக் கூடாதுன்னு. இவ்வளவு தவிப்புன்னா கப்பல்காரனைக் கட்டிருக்கவே கூடாது!

மானஸா: உங்க கொழுந்தனை நீங்கதானே என் தலையில கட்டினீங்க... நேவி கூடவே வருமில்ல?

சாரதா: வரும், வரும். கப்பலையெல்லாம் வரிசையா நிறுத்திக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஸ்கூல் பசங்களாட்டம்.

மானஸா: வரிசைக்கு லேட்டாப் போனா?

சாரதா: ...ஏன் லேட்டாப் போறாங்க?

மானஸா: இன்ஜின் ரிப்பேர் ஏதாவது...

சாரதா: இன்ஜினியரே உன் புருஷன்தானே! பேசாம இரு.

மானஸா: சந்தனத்தை ஏன் ரெண்டு தடவை பூசறீங்க?

சாரதா: இத்தனை பேருக்கும் புளியோதரை கிளறின அசதி... அட, மறந்தே போச்சு. உங்க மாமாவுக்கு அகிலன் காலைல மெயில் போட்டிருக்கான். நல்லா இருக்கானாம். உனக்குப் பச்சை வளையல் போடச் சொன்னான்.

மானஸா: காலைலயா?

சாரதா: ஆமா... ஏன்?

மானஸா: ஒண்ணுமில்ல. பச்சையே போடுங்க.

சாரதா: அழுவறியா?

மானஸா: வளையல் டைட்டா இருக்கு... அக்கா, கொள்ளைக்காரங்க ஏறிட்டா, எல்லாரும் உள்ள போய்ப் பூட்டிக்க ஒரு ரூம் இருக்காமே. அங்க தண்ணி எவ்வளவு இருக்கும்?

சாரதா: நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது!

மானஸா: மாமா ஏன் கராஜ்லயே நின்னு போன் பேசறாரு?

சாரதா: ஆபீஸ் கால்.

மானஸா: ஞாயித்துக்கிழமையா?

சேனாபதி: சாரதா... சாரதா! நேவி கப்பலுக்குள்ள போயிருச்சு! எல்லாரும் பத்திரம். அகிலன் பேசிட்டான்!

சாரதா: அய்யோ, மெதுவாங்க... இவ இங்கதான் இருக்கா!

சேனாபதி: கேட்டுட்டியாம்மா?

சாரதா: மன்னிச்சுக்க கண்ணு. மெயிலெல்லாம் பொய். இன்ஜின் நின்னு நேவி வரிசையை விட்டுட்டாங்க. நேத்து கொள்ளைக்காரங்க ஏறிட்டானுங்க. மாசமா இருக்கறவ, எப்படிச் சொல்றது...

மானஸா: தெரியும்க்கா. அந்த ரூமைப் பூட்டறதுக்கு முன்னாடி எனக்குத்தான் போன் பண்ணினாரு. "அண்ணிகிட்ட மட்டும் சொல்லிராத. என்னை வளர்த்தவங்க, தாங்க மாட்டாங்க"ன்னாரு. அதான் உங்க மெயிலையும் நம்பற மாதிரி இருந்தேன்... இப்ப அழலாமாக்கா?