கிரேக்க மாதா நின்ற தொட்டி

...குடிச்சிருந்தானுங்களாம்! யாரு, எங்க பேண்டுக்காரனுங்க! உக்காருங்க ஐயா, இந்த மீனத் தின்னுகிட்டே கேளுங்க. மேயர் உங்கள விசாரிக்கத்தான அனுப்பியிருக்காரு? பத்ராஸ் துறைமுகத் தெருவுல இந்தத் தனாசிஸ் கடைய விட்டா வேற எங்க விசாரிப்பீங்க?

காலைல பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வந்தானுங்க. சுதந்திரத் திருநாளாச்சே, நோன்புக்கு நடுவுல மீனு தின்ன விடுற நாளு. பொரிச்ச உப்புக் கருவாடு, பூண்டு விழுது... நாந்தான் போட்டேன். ஒயினா? ஒரு சொட்டு கெடையாது! பேண்டு மாஸ்டர் கிளியாந்திஸ் என் மச்சான். அவன் கண்ண உருட்டுனா எவனும் கோப்பையத் தொடமாட்டான்.

என்ன, தண்ணியா? இந்தாங்க.

ஊர்வலம் பாத்தீங்கல்ல? மேயர் சம்சாரம் கிரேக்க மாதாவா, கையில சங்கிலியோட, வண்டி மேல... அந்தம்மா நின்ன பீடம் என்னான்னு நெனச்சீங்க? என் தொட்டி! கவுத்துப்போட்டு நீலத்துணி சுத்தி... நேத்து சாயங்காலம் நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன். ஊர்ப் பூனையெல்லாம் வண்டி பின்னாடியே வந்துச்சே, தேசபக்தின்னா நெனச்சீங்க?

அப்புறம் மேயர் தொப்பியக் கழட்டுறாரு. தேசிய கீதம். ட்ரம்பெட்டுல வெறும் காத்துதான் வருது! ஒருத்தன் உதட்ட நக்குறான், ஒருத்தன் நாக்க வெளிய தொங்கப் போடுறான்... எவனோ ஒருத்தன் ஓடுனான் பாருங்க எதுத்தாப்புல இருக்குற தண்ணிக் குழாய்க்கு, மொத்தப் பேண்டும் பின்னாலயே! மாதா சங்கிலிய அறுக்க மறந்து வாயப் பொளந்து நிக்கிறா. இப்ப என்னடான்னா, என் மச்சானுக்கு இன்னிக்கே சீட்டக் கிழிக்கிறாராம். புள்ளகுட்டிக்காரன் ஐயா அவன்...

மறுபடியும் தண்ணியா? கூஜாவே காலி.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? என்னது... கருவாட்ட ஊறப்போட்டேனாவா? போடணும்தான், யாரு இல்லேன்னா? ராத்திரி பூரா தொட்டித் தண்ணியில கெடக்கணும், இல்லாட்டி உப்பு நாக்கப் புடுங்கிடும்... தொட்டிதான் மாதா காலுக்குக் கீழ போயிருச்சே! சும்மா அலசிப் பொரிச்சேன். எல்லாம் நாட்டுக்காகத்தான...

ஐயா, எங்க எந்திரிச்சிட்டீங்க? மேயர்கிட்டயா? ஓ... குழாய்க்கா.

ஐயா! மச்சான் குடிக்கலன்னு மட்டும் சொல்லிருங்க. கருவாடுன்னு சொல்லுங்க. யாரு போட்ட கருவாடுன்னு... சரி, தனாசிஸுன்னே சொல்லுங்க. தொட்டியப் பத்தி மட்டும் வேணாம், அந்தம்மா அத பளிங்குன்னு நெனச்சிட்டிருக்கு... சரி, அதையும் சொல்லித் தொலைங்க! காதுல விழுதா ஐயா? குழாயில இருந்து வாய எடுங்க!