எதிர் வீட்டுக் கதவில் போட்ட வட்டம்

கெய்ரோவில் மிச்சமிருந்த கடைசி மூடநம்பிக்கையை ஒழித்தவன், நம் ரஃபத்தின் பெரியம்மா மகன் வக்தி. நான் சொல்லவில்லை, அவனே கல்லூரிப் பத்திரிகையில் எழுதினான். நான்கு பேர் படித்தோம். அதில் ஒருவர் பிழை திருத்துபவர்.

மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது.

ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு அறுத்ததும், கண்ணேறு படாமலிருக்க, ரத்தத்தில் உள்ளங்கையைத் தோய்த்துக் கதவில் பதிப்போமே... எதிர் வீட்டு இன்சாஃப் அம்மாள் வருடாவருடம் வக்தியின் கதவிலும் ஒன்று பதித்துவிடுவார். தனிக்கட்டை. வலது சுண்டுவிரல் வளைந்திருக்கும்.

"அத்தே, இது வீடா, கசாப்புக் கடையா?" என்று வக்தி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பான்.

"நல்லாத் தேயி ராசா. வருஷத்துக்கு ஒரு நாளாவது உன் கதவு தண்ணியப் பாக்கட்டும்."

போன குளிர்காலம். இரவு இரண்டரை. ஷுப்ரா பேட்டையில் ஆளில்லாத சந்து. டியூஷன் எடுத்து முடித்து, நண்பர்களோடு சுற்றிவிட்டு, வக்தி தனியாக மாடி ஏறுகிறான். பெற்றோர் குவைத்தில். அவன் கதவோரம், முழங்கால் உயரத்தில், சாக்பீஸால் ஒரு வட்டம். குறுக்கே இரண்டு கோடு.

திருடர்கள் வீடு பார்த்து வைக்கும் அடையாளம். காவல்காரர் சாதிக் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்: "பாத்தா போட்டோ எடு, என்னை எழுப்பு, அப்புறம் அழி. நாலு வீட்டுக்கும் தெரியணும் தம்பி."

எழுப்பவில்லை. சட்டைக் கையால் அழித்தான். எதிர்க் கதவைப் பார்த்தான்... பையில் டியூஷன் சாக்பீஸ் இருந்தது. எதிர்க் கதவோரம் அதே வட்டம் போட்டான். அதே இரண்டு கோடு.

கிழவியிடம் என்ன இருக்கிறது, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தானாம்.

மூன்றாம் நாள் வந்தார்கள். பார்த்துவிட்டுத்தான் போனார்கள். போகிற அவசரத்தில் அவரைத் தள்ளிவிட்டு. விழுந்தவர் எழவே இல்லை.

வெறும் வீட்டுக்குப் போலீஸ் சிவப்பு அரக்கு முத்திரை வைத்தது. "என் கண்ணுல படலையே தம்பி, என் தப்புதான்," என்று சாதிக் தலையில் அடித்துக்கொண்டார். வக்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். அது மட்டும்தான் கொடுத்தான்.

நாற்பதாம் நாள் இரவு... வெளியே செருப்பு இழுபடும் சத்தம். சரக்... சரக். அவன் கதவில் ஓர் அடி.

தப்.

காலையில் பார்த்தால், ஈரமாய் ஒரு கைத்தடம். பச்சை ரத்த வாடை. சுண்டுவிரல் வளைந்திருந்தது. எதிரே அரக்கு உடையவில்லை.

துடைத்தான். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும். அந்த வாரம் மேல் மாடியில் திருட்டு, கீழ் மாடியில் திருட்டு. இவன் வீட்டுப் பூட்டை யாரும் தொடக்கூட இல்லை.

"பழிவாங்க வந்தாத் தாங்கிப்பேன்டா," என்று ரஃபத்திடம் அழுதானாம். "காவல் காக்குதுடா அது."

இந்தப் பெருநாளுக்கு, கீழே எல்லோரும் இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது, வக்தி வலது கையை ரத்தத் தட்டில் தோய்த்தான். மாடி ஏறினான். எதிர்க் கதவில், அரக்குக்கு மேலே, உள்ளங்கையை அழுத்திப் பதித்தான்.

எடுக்கப் போனான்... மரம் சூடானது.

அந்தப் பக்கத்திலிருந்து, அதே உயரத்தில், யாரோ அழுத்திக்கொண்டிருந்தார்கள்.